தம் கட்டி எண்ணு சித்தப்பா

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. எழுத உட்கார்ந்தால் வேற எதையாவது எழுதிட்டு எழுந்து போயிடுவேன். போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் டீ குடிக்கும்போது சொன்னார்: "எங்க மாமாவுக்கு படுத்தா மூச்சு முட்டுதாம். ஆக்ஸிமீட்டர்ல 97 காட்டுது. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்." கூடவே, சம்பந்தமே இல்லாத தகவல் மாதிரி, "ஆறு மாசமா கையிலயும் பிடிமானம் இல்லங்கறார், வயசாச்சுல்ல" என்றார். டீ கிளாஸை கீழே வச்சுட்டேன். இதே வார்த்தைகளை 2022-ல நான் சொல்லியிருக்கேன்.

கொஞ்சம் நீளமான பதிவு, மொக்கையும் கிடையாது. பொறுத்துக்கோங்க மக்களே.

என் சித்தப்பா எர்ணாவூர்க்காரர். துறைமுகத்துல 30 வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஆனா எங்க ஏரியாவுல அவரைத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அவர் சடுகுடுக்காரர்தான். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்னு எங்க மேட்ச் நடந்தாலும் போயிடுவாராம். உடம்பு ஒண்ணும் பெரிய பயில்வான் உடம்பு கிடையாது. அவர் பலமே தம்தான். பாடிக்கிட்டே போனா, ரெண்டு பேரைத் தொட்டுட்டு கோட்டுக்கு திரும்பி வர்ற வரைக்கும் பாட்டு அறுந்ததே இல்லைன்னு அவரோட ஆடினவங்க இன்னிக்கும் சொல்லுவாங்க. இப்போ கபடி ரைடுக்கு 30 செகண்டுன்னு கணக்கு வச்சிருக்காங்க. "எங்க காலத்துல கடிகாரம் இன்னாத்துக்கு? தம் இருக்கற வரைக்கும் ஆட்டம்" என்பார்.

எங்க பக்கத்துல ஒருத்தருக்கு மூச்சு வாங்குதுன்னா காரணம் தேடவே வேணாம். மணலி புகை, அனல்மின் நிலையச் சாம்பல், ஹைரோட்டில் வரிசை கட்டி நிக்கிற கன்டெய்னர் லாரிகளோட டீசல் புகைன்னு ஏகப்பட்டது இருக்கு. சித்தப்பாவுக்கு எக்ஸ்ட்ராவா துறைமுகத்து நிலக்கரித் தூசு. 2011-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்று எண்ணூர் பக்கம் போனது. அதுக்கு முன்னாடி அவர் வேலை முடிஞ்சு வந்து மூக்கு சிந்தினா கறுப்பாத்தான் வரும். போதாக்குறைக்கு பீடி வேற. அதனால 2021 கடைசியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சப்ப வீட்டில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஒரு நெஞ்சு டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அதே சமயத்தில் வலது கையில் டம்ளர் நழுவ ஆரம்பிச்சது. அதுக்கு வேற ஒரு டாக்டர். கழுத்து எலும்பு தேய்மானம்னு சொல்லி பெல்ட் போட்டார்.

மூச்சுக்கு ஒரு ஃபைல், கைக்கு ஒரு ஃபைல். ரெண்டையும் ஒண்ணா வச்சு யாரும் பார்க்கல. ஃபைலைத் தூக்கிக்கிட்டு கூடவே அலைஞ்ச நானும் பார்க்கல.

இப்ப திரும்பிப் பார்த்தா ஒவ்வொண்ணும் பளிச்சுன்னு தெரியுது. ஒரு தலைகாணி ரெண்டாச்சு, மூணாச்சு, கடைசியில் ஈஸி சேர்லயே தூங்க ஆரம்பிச்சார். காலையில் எழுந்ததும் தலைவலி, ஒன்பது மணிக்கு மேல தானா சரியாயிடும். பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கும்போதே தூங்கி விழுவார். ராத்திரி நாலு தடவை முழிப்பார், பாத்ரூம் போகத்தான் முழிக்கிறார்னு நினைச்சோம். இருமினா சத்தமே வராது, சளி தொண்டையிலயே நிக்கும். பேச்சு குட்டி குட்டி வாக்கியமா ஆயிடுச்சு.

சித்திதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. "டேய், இவரு படுத்துக்கினு மூச்சு இழுக்கும்போது வயிறு உள்ள போவுதுடா. மேலதான வரணும்?" நான் கொரோனா காலத்துல வாங்கின ஆக்ஸிமீட்டரை அவர் விரல்ல மாட்டி, "பாரு சித்தி, 96. சும்மா பயப்படாத" என்றேன்.

எட்டாம் கிளாஸ் படிச்ச சித்தி சரி. இன்ஜினியரிங் படிச்ச நான் தப்பு.

2022 மழைக்காலத்தில் சளி பிடிச்சது. ஒரு ராத்திரி திணறல் அதிகமாகி பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். ஆக்ஸிஜன் வச்சாங்க. மானிட்டரில் 99 காட்டிச்சு. எல்லாருக்கும் நிம்மதி. விடியற்காலை எழுப்பினா எழுந்திருக்கல. கண்ணு பாதி திறந்து மூடுது, பேச்சு இல்ல. மானிட்டர் அப்பவும் 98-தான் காட்டுது. அங்கிருந்து ஆம்புலன்ஸ்ல நகரத்துக்குள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மணிக்கட்டு தமனியில் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. கார்பன் டை ஆக்ஸைடு 35-ல இருந்து 45-க்குள்ள இருக்கணுமாம். சித்தப்பாவுக்கு 78.

மூக்கில் மாஸ்க் மாட்டி பைபாப் மெஷின் வச்சாங்க. மதியத்துக்கு மேல கண்ணு திறந்து என்னைப் பார்த்து, "டீ வாங்கினு வா" என்றார். அன்னிக்கு ட்யூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பையன்தான். அவர் சித்தியைக் கூப்பிட்டு, "வீட்ல என்னம்மா பார்த்தீங்க?" என்றார். சித்தி வயிறு உள்ளே போறதைச் சொன்னாங்க. அவர் எழுதறதை நிறுத்திட்டு சித்தப்பாவோட சட்டையைக் கழட்டச் சொன்னார். தோள், புஜம், நாக்கு எல்லாத்துலயும் தசை புழு நெளியற மாதிரி துடிக்குது. நரம்பு டாக்டர் வந்தார். தசையில் ஊசி குத்தி மின்சாரம் பார்க்கிற டெஸ்ட் எடுத்தாங்க. மோட்டார் நியூரான் நோய். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்த அதே வியாதி.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நம்ம பக்கத்து பாஷையில் சொன்னா, நுரையீரல் டேங்க், மூச்சுக்குழல் பைப்பு, தசைதான் பம்ப். சித்தப்பாவுக்கு டேங்கும் பைப்பும் ஓரளவு நல்லாவே இருந்தது. பம்ப்தான் தேய்ஞ்சுக்கிட்டு இருந்தது. நாங்க பைப்புக்கு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தோம். பம்ப்புல முக்கியமானது உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற குடை மாதிரி தசை. அது இறங்கினா வயிறு வெளிய தள்ளும். அது சோர்ந்து போச்சுன்னா கழுத்து, நெஞ்சுத் தசைகள் இழுக்கிற இழுப்புக்கு அதுவே மேலே போயிடும், வயிறு உள்ளே போகும். உட்கார்ந்திருந்தா வயித்துல இருக்கிறதெல்லாம் கீழே தொங்கி அதுக்கு உதவும். படுத்தா எல்லாம் சேர்ந்து நெஞ்சை நோக்கி தள்ளும். அதனாலதான் படுத்தா திணறல். தூக்கத்தில் கனவு வர்ற கட்டத்தில் மத்த தசையெல்லாம் தளர்ந்து போய் உதரவிதானம் மட்டும்தான் கிட்டத்தட்ட தனியா வேலை செய்யுமாம். அதனால கோளாறு முதல்ல ராத்திரியிலதான் ஆரம்பிக்குது. உள்ளே தேங்கின கார்பன் டை ஆக்ஸைடுதான் காலைத் தலைவலி, பகல் தூக்கம் எல்லாம்.

ஆக்ஸிமீட்டர் ஆக்ஸிஜனை மட்டும்தான் காட்டும், கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டாது. தசை பலவீனத்தில் அந்த எண் கடைசியிலதான் விழும். மூச்சை வாங்கி விடறதுக்கு உதவி இல்லாம வெறும் ஆக்ஸிஜனை மட்டும் ஏத்தினா, எண் அழகா நிக்கும், உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு ஏறிக்கிட்டே போகும். ஆக்ஸிஜனே கூடாதுன்னு அர்த்தமில்லை. எண்ணைப் பார்த்து நிம்மதி ஆயிடக் கூடாதுன்னு மட்டும் சொல்றேன்.

எங்களுக்கு மட்டும் நடந்த தப்பு இல்லை இது. 1952-ல் டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ கொள்ளை நோயா பரவினப்ப, மூச்சுத் தசை செயலிழந்தவங்களோட ரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்தது. ஏதோ புரியாத காரணத்தால் ரத்தம் காரமாயிடுச்சுன்னு டாக்டர்கள் நினைச்சாங்க. பியோர்ன் இப்சன் என்கிற மயக்க மருந்து டாக்டர்தான், இல்லை, இது கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகாம தேங்கினதோட அடையாளம்னு சொன்னார். ஆகஸ்ட் மாசம் 12 வயசுப் பெண் ஒருத்திக்கு தொண்டையில் குழாய் வச்சு, பையை கையால அமுக்கி மூச்சு கொடுத்துக் காப்பாத்திக் காட்டினார். அப்புறம் 1500 மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து பை அமுக்கியிருக்காங்க. இன்னிக்கு நாம ஐ.சி.யூ.ன்னு சொல்றது அங்கதான் பிறந்ததுன்னு சொல்லுவாங்க.

சரி, சித்தப்பாவுக்கு வருவோம். ரெண்டு வாரம் கழிச்சு, மூச்சுத் தசை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்கணும்னு ஒரு லேபுக்கு அனுப்பினாங்க. பிசியோதெரபிஸ்ட் பொண்ணு ஒருத்தர். முதல்ல மெஷின் எதுவும் எடுக்கல. "அப்பா, நல்லா மூச்சை இழுத்துக்கிட்டு, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க. நடுவுல மூச்சு வாங்கக் கூடாது" என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது. அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, யார்கிட்ட என்ன கேட்டோம்னு.

"தம் கட்டி எண்ணு சித்தப்பா" என்றேன், சின்ன வயசுல மைதானத்து ஓரத்துல நின்னு கத்துவோமே அந்த மாதிரி.

பதினொண்ணுல நின்னுட்டார்.

நல்லா இருக்கிறவங்க ஒரு செகண்டுக்கு ரெண்டு வீதம் எண்ணினா 50 பக்கத்துல போவாங்களாம். 20-க்கு கீழே வந்தா எச்சரிக்கை. ஆனா எண்ணுற வேகம், பாஷை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். "இருபத்தேழு" சொல்ற நேரத்துக்கு ரெண்டு சின்ன எண் சொல்லிடலாமே! அதனால அடுத்தவங்களோட ஒப்பிடாம, அதே ஆளை அதே வேகத்தில் எண்ண வச்சு, போன தடவைக்கு இந்த தடவை எப்படின்னு பார்க்கணும்னு சொன்னார் அந்தப் பொண்ணு.

அப்புறம் ஸ்பைரோமீட்டர். முழுசா இழுத்து முழுசா ஊதுறது. உட்கார்ந்து ஊதினப்ப 2.1 லிட்டர். அதோட விட்டிருந்தா "பரவாயில்லை"ன்னு அனுப்பியிருப்பாங்க. படுக்க வச்சு ஊதச் சொன்னாங்க. 1.4 லிட்டர். மூணுல ஒரு பங்கு காணோம். நல்லா இருக்கிறவங்களுக்கு 10 சதவீதத்துக்குள்ளதான் குறையுமாம், 25 சதவீதத்துக்கு மேல போனா உதரவிதானம் பலவீனம்னு அர்த்தம். சித்தி கண்ணால பார்த்ததை மெஷின் எண்ணா சொல்லிச்சு, அவ்வளவுதான்.

அடுத்தது அழுத்தம் பார்க்கிறது. மூடின குழாயை வாயில் வச்சு பலம் கொண்ட மட்டும் இழுக்கணும், அப்புறம் ஊதணும். இதுல ஒரு சிக்கல் என்னன்னா, உதட்டுத் தசை வீக் ஆனவங்களுக்கு ஓரத்துல காத்து ஒழுகிடும், எண் பொய்யா குறைஞ்சு காட்டும். அதுக்காக மூக்கில் ஒரு சின்ன பிளக் வச்சு, சுருக்குன்னு உறிஞ்சச் சொல்ற டெஸ்ட் இருக்கு. பத்து தடவை கூட செய்ய வச்சு அதுல பெஸ்ட் எதுவோ அதை எடுத்துப்பாங்க. ஆம்பளைங்களுக்கு 70-க்கு மேல வரணும், 40-க்கு கீழே போனா ராத்திரி மெஷின் பத்தி பேசியே ஆகணும். சித்தப்பாவுக்கு 34.

கடைசியா இருமல். மாஸ்க்கோட ஒரு மீட்டரை இணைச்சு இருமச் சொல்றாங்க. நிமிஷத்துக்கு 270 லிட்டர் வேகம் இல்லைன்னா சளி பிடிக்கிற நாளில் ஆபத்து. 160-க்கு கீழே போனா சளியை வெளியே தள்ளவே முடியாது. சித்தப்பாவுக்கு 210. இதுக்கு வைத்தியம் இருந்தது. ஆம்பு பேகால ரெண்டு மூணு மூச்சை விடாம ஒண்ணு மேல ஒண்ணா உள்ளே அடுக்கி, இருமும்போது வயித்தை கையால அமுக்கறது. எனக்கும் சித்திக்கும் அன்னிக்கே சொல்லிக் கொடுத்தாங்க. நாங்க செஞ்சதுல உருப்படியான காரியம் அதுதான்னு நினைக்கிறேன். அடுத்த ரெண்டு வருஷம் நிமோனியா வரல.

இந்த டெஸ்ட் எல்லாம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. நடுவுல வீட்டில் தினமும் காலையில் எண்ணுறது சித்தப்பாவே வச்சுக்கிட்டது. நாள்காட்டித் தாளில் சித்தி எழுதுவாங்க. 11, 11, 12. பன்னிரண்டு வந்த அன்னிக்கு சித்தப்பா கேசரி செய்யச் சொன்னார் :-) ராத்திரி பைபாப், காலையில் தலைவலி கிடையாது, பகலில் தூங்கி விழறது கிடையாது. "எவ்ளோ நாள் ஆச்சுடா இப்டி தூங்கி" என்றார். வியாதி போகல, ஆனா ஆள் திரும்பி வந்துட்டார். தெருப் பசங்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே சடுகுடு சொல்லிக் கொடுத்தார்.

2023 டிசம்பர் எங்களுக்கு மோசமான மாசம். 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். கரண்ட் போச்சு. இன்வெர்ட்டரில் மெஷின் மட்டும் ஓடட்டும்னு விளக்கு, ஃபேன் எல்லாத்தையும் அணைச்சோம். ரெண்டாவது ராத்திரி அதுவும் பீப் அடிக்க ஆரம்பிச்சுது. தெருவில் முழங்காலுக்கு மேல தண்ணி. ஷேர் ஆட்டோ ஓட்டுற பக்கத்து வீட்டு அண்ணன் தன் வண்டி பேட்டரியைக் கழட்டி தலையில் வச்சு தூக்கிட்டு வந்தார். அதை மாத்தி இணைக்கிற கால் மணி நேரம் நான் ஆம்பு பேக் அமுக்கினேன். கோபன்ஹேகன் பத்தி அப்போ எனக்குத் தெரியாது. பின்னாடி படிச்சப்ப அந்தக் கால் மணி நேரம்தான் ஞாபகம் வந்தது.

அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போற குழாயில் அமோனியா கசிஞ்சது. நள்ளிரவில் ஜனங்க குழந்தைகளைத் தூக்கிட்டு ஓடினாங்க. நமக்கு நெடி ஏறினா இருமுவோம், கண்ணைக் கசக்கிட்டு ஓடுவோம். சித்தப்பாவால் ஓடவும் முடியாது, இருமவும் முடியாது. ஈரத்துணியை முகத்தில் வச்சு காரில் படுக்க வைக்காம உட்கார வச்சே ராயபுரம் தாண்டிக் கொண்டு போனோம். அவர் அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல. விடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் எண்ணினார். 8.

2024 பிறந்ததும் எண் இறங்க ஆரம்பிச்சது. 7, 7, 6. ஒருநாள் காலையில் நான் வழக்கம் போல "தம் கட்டி எண்ணு சித்தப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மூச்சு வாங்கி வாங்கி சொன்னார்: "போதும்டா. எனக்கு தெரியுது... எவ்ளோ இருக்குதுன்னு." அப்புறம் எண்ணவே இல்லை. தொண்டையில் ஓட்டை போட்டு வென்டிலேட்டர் வைக்கலாமான்னு டாக்டர் பொறுமையா ரெண்டு தடவை உட்கார்ந்து பேசினார். வேணாம்னு சித்தப்பா ரெண்டு தடவையும் தெளிவா சொன்னார். அந்தத் தெளிவு இருந்ததுக்கே ராத்திரி மெஷின்தான் காரணம். 2022-ல அந்த நர்சிங் ஹோமிலேயே எல்லாம் முடிஞ்சிருந்தா, அவர்கிட்ட யாருமே எதையுமே கேட்டிருக்க மாட்டாங்க.

ஆடி மாசம் ஒரு விடியற்காலை, தூக்கத்தில் போயிட்டார்.

மூச்சுத் தசை பலவீனம் இந்த ஒரு வியாதியில் மட்டும் வர்றதில்லை. சேலத்து வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகளை நம்மில் பலருக்குத் தெரியும். தசைச்சிதைவு என்கிற வார்த்தையே எனக்கு அவங்க மூலமாத்தான் அறிமுகம். சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளைங்களுக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குதான்னு கேட்க வழியே கிடையாது, அதனால அவங்க சொல்ற வரைக்கும் காத்திருக்காம ஒழுங்கா அளந்துக்கிட்டே வரணும். 2025 தொடக்கத்தில் புனேயில் 200 பேருக்கு மேல பாதிச்ச கியான் பாரி நோயில் இதெல்லாம் மாசக்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில் நடக்கும். ஆஸ்பத்திரியில் சில மணிக்கு ஒரு தடவை ஊத வச்சுப் பார்ப்பாங்க. எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்கு கீழே போனா, அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.2 லிட்டர், ஐ.சி.யூ.தான். கட்டுவிரியன் கடிச்சவங்களையும் தலையைத் தூக்கு, ஒரே மூச்சில் எண்ணுன்னுதான் சோதிக்கிறாங்க.

நண்பர்கிட்ட அன்னிக்கே இவ்வளவும் சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: "ராத்திரி மாமா தூங்கும்போது வயித்தைப் பாருங்க." நேத்து போன் பண்ணார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "உள்ளதான் போகுதுங்க" என்றார். வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்கப் போறாங்க. ரெண்டு ஃபைலையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கேன்.

பி.கு.: நான் டாக்டர் இல்லை. வீட்டில் எண்ணிப் பார்க்கிறது டெஸ்டுக்கு மாற்று கிடையாது. எண்ணிக்கை நல்லா இருந்தாலும், படுத்தா திணறலும் காலைத் தலைவலியும் இருந்தா போய் படுக்க வச்சு ஊதச் சொல்லிக் கேளுங்க. கேட்கிறதுக்கு கூச்சப்படாதீங்க.